கூத்தாடி கிழக்கே பார்ப்பான்



இந்தக் காலாண்டு இதழுக்குச் செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருந்தார். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை நம்முடையது. அன்றிலிருந்து கோட்டையைப் பற்றி எழுதாத பத்திரிகையே இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, களஞ்சியம், கல்யாண மகால் எல்லாம் உங்கள் கைப்பேசிக்கே வந்து சேர்ந்திருக்கும். அதையே நானும் திருப்பி எழுதினால் படிக்கிறவர்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. கோட்டை இன்னும் பல நூறு வருஷம் அங்கேயே நிற்கும். நிற்குமோ நிற்காதோ என்ற நிலையில் இருக்கிற வேறொன்றைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். பெரிய மனதோடு சரி என்றார்.

காரணம், சென்ற பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட மனு. பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷாவருஷம் கோடையில் நடக்கும் அக்னி வசந்த விழாவில், பத்து நாள் இரவு முழுவதும் கூத்து நடக்கிறது, தூக்கம் கெடுகிறது, காவல் நிலையத்தில் சங்கத்தின் பெயரால் புகார் கொடுக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். கையெழுத்துப் போட்டவர்களில் இருவர் என் நண்பர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஆக, புகார் போனால் 12 மணிக்குக் கூத்து நின்றுவிடும். முடிவு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன், 12 மணிக்கு நிறுத்தினால் நிற்பது எது, நிறுத்தப்படுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு கை தூக்குவோமே என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது மேல்சித்தாமூர். சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கும் மலைநாதர் கோயிலும், ராஜகோபுரத்தோடு பார்சுவநாதர் கோயிலும் அங்கே உண்டு. ஊருக்குள் எங்களுக்குத் தேர். கூத்துக்கோ வயல்வெளி தாண்டி அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டும். கோடை விடுமுறையில் பாய், போர்வை, ஒரு தூக்குச்சட்டியில் புளிசாதம். என் அத்தை முன்னால் அரிக்கேன் விளக்கோடு நடப்பார். எங்கள் வட்டாரத்தில் சித்திரை முதல் ஆனி வரை ஏதாவது ஒரு ஊரில் பாரதம் வைத்திருப்பார்கள். "பாரதம் வைத்திருக்கிறார்கள்" என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. அதிலேயே எல்லாம் அடக்கம்.

பாரதம் வைப்பது என்றால் என்ன? கொடியேற்றி, காப்புக் கட்டி, பதினெட்டு இருபது நாள் வில்லிபாரதப் பிரசங்கம். பிற்பகலில் பிரசங்கியார் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். கடைசிப் பத்து நாள் போல, பகலில் சொன்ன கதையை இரவில் கூத்தாக ஆடிக் காட்டுவார்கள். வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

இதற்கும் செஞ்சிக்கும் உள்ள உறவு சாதாரணமானது அல்ல. செஞ்சிக்குச் சற்றே வடமேற்கில் மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்பதும் அந்த ஊர்தான். அங்கேயுள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் எல்லாத் திரௌபதி கோயில்களுக்கும் ஆதி என்று நம்புகிறார்கள். பாரதப் போருக்குப் பிறகு, செஞ்சியை ஆண்ட பாண்டவர் வம்சத்து ராஜாவுக்கு நூறு தலை அரக்கனால் துன்பம் வந்ததாம். அவனுக்கு உதவத் திரௌபதி இங்கே மறுபடி தோன்றினாளாம். கோயில் வாசலில் காவலுக்கு நிற்கும் போத்துராஜா அப்போது அவளுக்குத் துணைவந்தவன் என்பது கதை. இது வரலாறா என்று கேட்காதீர்கள். ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டிபெய்டல் இந்தக் கதையைத் தேடி 1970-களிலிருந்து நம் வட்டாரத்துக் கிராமங்களில் அலைந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகம் 1988-லும் 1991-லும் வெளியிட்டது. முதல் பாகத்தின் துணைத்தலைப்பிலேயே "செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை" என்று வருகிறது. குருக்ஷேத்திரத்துக்குப் போகிற வழி செஞ்சியில் தொடங்குகிறது என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிவைத்திருக்கிறார். நாமோ புகார் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்!

சரி, ஆடுகிறவர்களுக்கு வருகிறேன்.

ஒரு ஜமாவில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை இருப்பார்கள். சபா, நாடக மன்றம் என்று பேனரில் போட்டிருந்தாலும் அவர்களுக்குள் அது ஜமாதான். மத்தளம், டோலக், ஆர்மோனியம், தாளம், முகவீணை. முகவீணை என்றால் வீணை அல்ல, நாதஸ்வரத்தின் தம்பி போன்ற குட்டைக் குழல். இரவு இரண்டு மணிக்கு அரைக் கண்ணில் இருப்பவனை எழுப்பி உட்காரவைக்கிற சத்தம் அதுதான். ராஜவேஷக்காரர்களுக்குத் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. இதையொட்டித்தான் இந்தக் கலைக்குக் கட்டைக்கூத்து என்று பெயர். தெருக்கூத்து என்ற பெயர் நமக்குப் பழகியது. ஆனால் காஞ்சிபுரத்துப் பக்கம் ப. ராஜகோபால் போன்ற கலைஞர்கள் அந்தப் பெயரை ஏற்பதில்லை. தெருவில் ஆடுவது என்றால் இளப்பமாகப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் குறை. "என்னடா கூத்தடிக்கிறே" என்று பிள்ளைகளை நாம் திட்டுவதை நினைத்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் படுகிறது.

வேஷம் உடனே மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், பாட்டு வரும், ஆள் வரமாட்டார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மூன்று வகை எழினிகள் பேசப்படுகின்றன. எழினி என்றால் திரை. சமணர் என்று சொல்லப்படும் இளங்கோவடிகள் எழுதிய அந்தத் திரை, எங்கள் சித்தாமூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு பழைய வேட்டியாக இன்னும் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் சொன்னது நினைவில் நிற்கிறது. திரை விலகியதும் கட்டியங்காரன் வந்து, நீ யார், எந்த ஊர் ராஜா என்று துரியோதனனையே விசாரிப்பான். ரேஷன் கடை வரிசையிலிருந்து ஊர்த் தலைவர் வரை அவன் கேலிக்குத் தப்ப முடியாது.

துகில் உரிதல் இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண்தான். அன்று விரதம் இருப்பார். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, வயிற்றுப் பிழைப்புக்காக இந்த வேஷம் கட்டியிருக்கிறேன், தாயே பொறுத்துக்கொள் என்று அம்மனைக் கும்பிட்டு, அதன் பிறகுதான் வேஷத்துக்குள் திரும்புவார். சில இரவுகளில் அவருக்கே அருள் வந்து மயங்கி விழுவதும் உண்டு. பத்து வயதில் இதை முதன்முதலில் பார்த்தபோது அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அத்தையும் அழுதுகொண்டிருந்தார். கௌரவர் சபையில் கேட்பாரில்லாமல் நின்ற பெண்ணைப் பார்த்து, கணவரை இழந்து அண்ணன் வீட்டில் இருந்த அவர் எதற்கு அழுதார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

அர்ஜுனன் தபசில், நட்டுவைத்த உயரமான பனைமரத்தின் மேல் அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடியபடியே ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்தை மடியில் ஏந்திக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகர் இல்லை. மறுநாள் மதியம் அதே ஆளை யாரும் திண்ணையில் உட்காரச் சொல்லமாட்டார்கள், அது வேறு கதை. அந்த வேற்றுமையை நான் கண்ணால் பார்த்தவன்.

கடைசி இரவு பதினெட்டாம் போர். அது 12 மணிக்கு முடியக்கூடிய கூத்து இல்லை, 6 மணிக்கும் முடியாது. விடிந்ததும் வேஷக்காரர்கள் அப்படியே படுகளத்துக்கு வருவார்கள். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். நம் நகரின் 40 அடி மனையில் அவனைப் படுக்கவைக்க முடியாது, அவ்வளவு நீளம். பீமன் அவன் தொடையை அடித்துப் பிளக்க, உள்ளே வைத்திருக்கும் செந்நீரைத் தொட்டுத்தான் திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பார்கள். அன்று மாலை தீமிதி. இரவுக் கூத்தும் காலைப் படுகளமும் மாலைத் தீயும் ஒரே கயிற்றின் முடிச்சுகள். நள்ளிரவில் நடுவே வெட்டினால் துரியோதனன் சாகமாட்டான், கூந்தல் முடியாது, தீயில் இறங்க முடியாது. ஊர்க்காரர்கள் ஏன் "12 மணிக்கு முடித்துக்கொள்கிறோம்" என்று நமக்கு எழுதித் தர மறுக்கிறார்கள் என்பதற்கு இதுதான் பதில். பிடிவாதம் என்று நாம் நினைத்தோம்.

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்று ஒரு பழமொழி உண்டு. எப்போது விடியும் என்று அவனும், எப்போது பொழுது சாயும் என்று இவனும் பார்க்கிறார்களாம். பழமொழி சொன்னவர் இருவரையும் வேறு வேறு ஆளாக நினைத்துவிட்டார். நம் வட்டாரத்தில் பெரும்பாலும் அது ஒரே ஆள்தான். பருவம் இருக்கும் மாதங்களில் கூத்து, மற்ற மாதங்களில் நடவு, அறுப்பு, செங்கல் சூளை, கட்டட வேலை. பருவத்திலேயே கூட விடியக் கூத்தை முடித்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டு எட்டு மணிக்கு அண்டை வெட்டப் போனவர்களை நான் அறிவேன். அவர்கள் கிழக்கையும் பார்த்தார்கள், மேற்கையும் பார்த்தார்கள்.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

1986 என்று நினைவு. நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு ஒரு கூத்து வாத்தியார் வந்தார். பெயர் வேண்டாம். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் மானியக் கடன்கள் வழங்கிக்கொண்டிருந்த காலம். அவருடைய கட்டை சாமான்கள் பழையவை, ஆர்மோனியத்தில் நாலு கட்டை பேசாது. புது செட்டுக்குக் கடன் வேண்டும் என்றார். வருமானம் கேட்டேன். அவர் சொன்ன கணக்கை இன்றும் என்னால் ஒப்பிக்க முடியும். ஓர் இரவுக்கு ஜமாவுக்கு 600 ரூபாய். ஆள் 14. வாத்தியார் என்பதற்காக அவருக்கு ஒரு பங்கு கூடுதல், சாமானுக்கு ஒரு பங்கு. ஆக 16 பங்கு. பங்குக்கு ரூபாய் 37.50. பருவத்துக்கு ஐம்பது அறுபது இரவு கிடைக்கும். ஒப்பந்தம் உண்டா என்றேன். "தாம்பூலம் வாங்கிக்கிட்டா போதும் சார். வெத்திலை பாக்கோட ஒரு ரூபா வெச்சுக் குடுத்துட்டாங்கன்னா, ஜுரம் வந்தாலும் போய் ஆடித்தான் ஆவணும்" என்றார்.

பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. பங்கு பிரிப்பில் ஒளிவு மறைவு கிடையாது, சாமானுக்குத் தேய்மானப் பங்கு தனியாக எடுத்து வைத்திருக்கிறார், வாக்குத் தவறியதில்லை. ஆனால் படிவத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு எதிரே எங்களுக்குக் கொடுத்திருந்த பட்டியலில் கறவை மாடு இருந்தது, ஆடு இருந்தது, தையல் இயந்திரம், பெட்டிக்கடை எல்லாம் இருந்தன. கூத்து இல்லை. மேலாளரிடம் எடுத்துப் போய்ப் பேசியிருக்கலாம். நான் பேசவில்லை. "வாத்தியாரே, மாட்டுக் கடன் எழுதட்டுமா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக்குங்க சார்" என்றார். தொழில்: விவசாயக் கூலி என்று என் கையால் எழுதினேன். நாலு தலைமுறையாகக் கூத்து கட்டிய குடும்பம் அது. அடுத்த வருஷம் மாட்டை விற்று ஆர்மோனியம் வாங்கினார் என்று கேள்விப்பட்டோம். கடன் தவணையை மட்டும் ஒழுங்காகக் கட்டிவந்தார். கர்ணன் வேஷத்தில் பேர் பெற்றவர் அவர். பிறகு எந்த ஊரில் கர்ண மோட்சம் பார்த்தாலும், கர்ணனிடம் தானம் கேட்டு வருகிறவரின் இடத்தில் என் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

கர்ண மோட்சத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஊரில் யாராவது தவறிவிட்டால் கருமாதி இரவில் அதை வைப்பார்கள். நம் நகரில் முன்பு குடியிருந்த ஒரு பெரியவருக்குச் சொந்த ஊரில் அப்படி வைத்தார்கள், நம்மில் நாலைந்து பேர் போயிருந்தோம். அன்று யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

இந்தக் கலையை நகரத்துக்காரர்கள் கவனித்ததே 1970-களில்தான். செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்த் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து நடிகர்கள் பாடம் கேட்டார்கள். முன்பு சொன்ன ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னா டி புரூயினும் முன்னின்று 1990-ல் கட்டைக்கூத்துக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். 2002-ல் காஞ்சிபுரம் அருகே ஒரு குருகுலமும் வந்தது. அங்கே பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் இது சிறிய காரியம் இல்லை. அரசாங்கம் 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. அடையாள அட்டையில் இப்போது தொழில் என்ற இடத்தில் கூத்து என்றே எழுதலாம். என் வாத்தியாருக்கு அது இருபது வருஷம் தாமதம்.

நம் பக்கத்துக் கலைஞர்களுக்கு இந்த வெளிச்சம் அவ்வளவாக விழவில்லை என்பது என் எண்ணம். வடக்கே காஞ்சிபுரம், செய்யாறுப் பாணி. தெற்கே விழுப்புரம், கடலூர்ப் பாணி. நாம் நடுவில் மாட்டிக்கொண்டோம். புரிசைக்குக் கிடைத்த முத்துசாமி செஞ்சிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த அமெரிக்கப் பேராசிரியர் எழுதியது ஆங்கிலத்தில். அதை ஆடினவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை.

கடைசியாக மைக். என் சிறுவயதில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் களத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கும்படி பாடினார்கள். அதற்கென்றே தொண்டையைப் பழக்கினார்கள். மைக் வந்ததில் தொண்டைக்கு நிம்மதி, ஆட்டத்துக்கு நஷ்டம். பந்தல் நடுவில் ஒரு மைக் தொங்குகிறது. களம் முழுக்கச் சுற்றி கிறுக்கி அடித்த வேஷங்கள் எல்லாம் அதன் கீழே வந்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நம் தூக்கம் போவது கூத்தால் அல்ல, தென்னை மரத்தில் கட்டி நம் மாடியை நோக்கித் திருப்பிவைத்திருக்கும் கூம்பு ஒலிபெருக்கியால்.

சென்ற மாதம் நானும் பொருளாளரும் விழாக் குழுவினரைப் போய்ப் பார்த்தோம். தலைவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நாங்கள் கேட்டது மூன்று. கூம்புகளை இறக்கிவிட்டுக் களத்துக்குள் மட்டும் கேட்கும் பெட்டி ஸ்பீக்கர் வைப்பது. அவற்றைக் கோயில் பக்கம் திருப்புவது. நள்ளிரவுக்கு மேல் மைக்கை அணைத்துவிட்டு ஆடுவது. முதல் இரண்டுக்கும் உடனே சம்மதித்தார். மூன்றாவதற்கு, வாத்தியாரைக் கேட்க வேண்டும் என்றார். வாத்தியார் அங்கேயே ஓரமாக நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், பகலில் கொத்தனார் வேலை. "எங்க அப்பா மைக் இல்லாமத்தான் சார் ஆடுனாரு. ஜனங்க கிட்ட வந்து உட்காருவாங்கன்னா நானும் ஆடுறேன்" என்றார்.

எனவே புகார் மனுவுக்குப் பதிலாக இந்த மூன்றையும் தீர்மானமாக வைத்து, ஒரு வருஷம் பார்க்கலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

வாத்தியார் சொன்ன நிபந்தனைக்காக, வர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கூத்து பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், மதியமே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். பாயும் போர்வையும் அவசியம். கோடையிலும் மூன்று மணிக்கு ஏரிக்காற்று குளிரும். நாற்காலி கொண்டுவராதீர்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். காசு கொடுக்க விரும்பினால் கட்டியங்காரன் கையில் கொடுங்கள், உங்கள் பெயரையும் நகரின் பெயரையும் சொல்லி வாழ்த்திவிட்டு ஆர்மோனியப் பெட்டி மேல் வைப்பான். பெயர் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஆர்மோனியத்துக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன்.